மொட்டைக் கடிதத்துக்குள் ஒரு முத்திரை

உயர்ந்த தொழில்நுட்பமும் சீரழிந்த சமூகமும் கலந்த கற்பனை எதிர்காலமான சைபர்பங்க் உலகத்தில் நடக்கும் பாத்திரமேற்று விளையாட்டை மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆட்டக்காரர் இன்னொருவரின் பாத்திரத்துக்குப் பெயர் சொல்லாமல் செய்தி அனுப்ப விரும்பினால், அதைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து, ஆட்டத்தை நடத்துபவரிடம் கொடுப்பார். நடத்துபவர் அதைப் படித்துவிட்டு உரியவரிடம் நீட்டி, "உன் திரையில் இப்படியொரு செய்தி வந்திருக்கிறது, அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை" என்பார். பெறுபவருக்கு அது மொட்டைக் கடிதம்தான். ஆனால் அது யாருடைய கையெழுத்து என்பது மேசையில் ஒருவருக்கு மட்டும் தெரியும். சீட்டில் இருப்பது கதைப் பாத்திரத்துக்கான மிரட்டலா, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரையே புண்படுத்தும் சொல்லா என்று பார்த்து, இரண்டாவது என்றால் அங்கேயே கிழித்துப் போடவும் அவரால் முடியும்.

1993இல் பின்லாந்தில் யோகான் ஹெல்சிங்கியஸ் என்பவர் நடத்தத் தொடங்கிய பெனெட் என்ற மின்னஞ்சல் சேவை ஏறக்குறைய இந்த நடத்துபவரின் வேலையைத்தான் செய்தது. வந்த கடிதத்திலிருந்து அனுப்புநரின் முகவரியை நீக்கிவிட்டு, இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட புனைமுகவரியை அதன் இடத்தில் பொருத்தி அனுப்பும். அந்த எண்ணுக்குப் பதில் எழுதினால், பதில் உரியவரைச் சென்றடையும். எந்த எண் யாருடையது என்ற அட்டவணை ஒரே கணினியில் இருந்ததால், தொல்லை கொடுப்பவரின் எண்ணை முடக்குவது எளிதாக இருந்தது. அமைப்பின் பலவீனமும் அதே அட்டவணைதான். 1995இல் சயன்டாலஜி திருச்சபை என்ற அமெரிக்க மத அமைப்பின் முறையீட்டைத் தொடர்ந்து பின்லாந்துக் காவல்துறை தலையிட, ஒரு பயனரின் உண்மை முகவரியை ஹெல்சிங்கியஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. மறுஆண்டு அவரே சேவையை மூடிவிட்டார்.

எல்லாம் அறிந்த நடுவர் இல்லாமலே பெயர் மறைப்பது எப்படி என்பதற்கான விடை அதற்கு வெகுகாலம் முன்பே, 1981இல், அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டேவிட் சோம் எழுதிய கட்டுரையில் இருந்தது. அவருடைய வழியில் கடிதம் ஓர் உறைக்குள் இன்னோர் உறையாகப் பல உறைகளில் இடப்படுகிறது. ஒவ்வோர் உறையும் வழியிலுள்ள ஓர் இடைக்கணினியின் திறவியால் மட்டுமே திறக்கும்படி மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். முதல் கணினி வெளி உறையைத் திறந்தால், அடுத்து எங்கே அனுப்ப வேண்டும் என்பது மட்டுமே தெரியும். உள்ளே இருப்பது அதற்கு வெறும் எண்குவியல். ஆனால் உறை மட்டும் போதாது. ஒரு கடிதம் உள்ளே போன மறுகணமே இன்னொன்று வெளியே வந்தால், வாசலில் நின்று பார்ப்பவர் இரண்டையும் இணைத்துவிடுவார். அதனால் இடைக்கணினி பல கடிதங்கள் சேரும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கி, வந்த வரிசையைக் குலைத்து, மொத்தமாக வெளியே விடுகிறது. இந்த முறையின் உயிர் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பேன்.

உரையாடலுக்கோ இணையப் பக்கத்தைத் திறப்பதற்கோ அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவாகி, பின்னாளில் டோர் வலைப்பின்னலாக வளர்ந்த வெங்காய வழிமுறை, அடுக்கடுக்கான உறைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பைக் கைவிட்டது. பொதுவாக மூன்று இடைக்கணினிகள். முதலாவதற்கு அனுப்புபவர் தெரியும், மூன்றாவதற்குச் சேருமிடம் தெரியும், இரண்டையும் சேர்த்து அறிந்தது எதுவுமில்லை. வேகத்துக்குக் கொடுத்த விலையாக, இரு முனைகளிலும் நேரத்தைக் கவனிப்பவருக்குத் துப்புக் கிடைக்கும். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் டோர் வழியாகத்தான் அனுப்பினார். மறைகுறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. மிரட்டல் வந்த நேரத்தை ஒட்டி, பல்கலைக்கழகத்தின் சொந்த வலைப்பின்னலிலிருந்து டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று பதிவுகளைப் பார்த்ததே அவரிடம் கொண்டுபோய் விட்டது. கூட்டம் பெரிதாக இருந்தால்தான் கூட்டத்தில் ஒளிய முடியும்.

இனி தொல்லையின் பக்கம் வருவோம். 1990இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ, எழுத்தால் மட்டுமே ஆன ஒரு மெய்நிகர் மாளிகை. அங்கே பேச்சும் செயலும் எல்லார் திரையிலும் வரிகளாக ஓடும். 1993இல் பங்கிள் என்ற பாத்திரத்தின் பின்னால் இருந்தவர், பில்லிசூனியப் பொம்மை என்ற நிரலை இயக்கினார். பிறருடைய பாத்திரங்களே செய்வதுபோல வரிகளை எழுதக்கூடிய நிரல் அது. அதைக் கொண்டு மாளிகையின் வரவேற்பறையில், எல்லார் கண்முன்னும், சில பாத்திரங்கள்மீது பாலியல் வன்முறையை வரிவரியாக ஓடவிட்டார். ஒருவரின் வரிகள் நம் திரையில் வராமல் அடக்கும் கட்டளை அங்கே இருந்தது. ஆனால் அதை இட்டால் பாதிக்கப்பட்டவரின் கண்ணுக்கு மட்டும்தான் வரிகள் மறையும். அறையில் இருந்த மற்றவர்கள் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். தன் பெயரில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் நிற்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு நிர்வாகி அந்தப் பாத்திரத்தை அழித்தார். சில நாளில் அதே ஆள் வேறொரு பெயரில் திரும்பி வந்துவிட்டார்.

"அது வெறும் விளையாட்டு" என்ற எண்ணமும் இத்தகைய நடத்தைக்குத் துணைபோகிறது. இணையத்தில் மனிதர்கள் கட்டுத்தளர்ந்து நடப்பதற்கு உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் அடுக்கிய ஆறு காரணங்களில் அதுவும் ஒன்று. பெயர் மறைவு இன்னொன்று. 2012இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இருவர் சோதித்துப் பார்த்தபோது, நச்சுப் பேச்சைக் கூட்டியதில் பெயர் மறைவைவிட, கண்ணோடு கண் நோக்காத நிலையின் பங்கே முதன்மையாக இருந்தது.

ஆகவே முகமூடியைப் பிடுங்குவதே மருந்து என்று நான் கருதவில்லை. பெயரை மறைப்பது வேறு, அந்தப் பெயரின் தொடர்ச்சியை அறுத்துக்கொள்வது வேறு. சைபர்பங்க் விளையாட்டுகளில் பாத்திரத்தின் புனைபெயர்தான் அதன் மூலதனம். அதைத் தூக்கி எறிந்தால், அதைக் கொண்டு ஈட்டிய நம்பிக்கையும் வேலை தருபவர்களும் போய்விடுவார்கள். பங்கிளின் ஆளுக்கோ புதுப்பெயர் இலவசமாகக் கிடைத்தது. சோமின் கட்டுரையே புனைபெயருக்கு ஒரு வடிவம் தந்திருந்தது: எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுத் திறவி ஒன்றே பெயர், அதன் இணையான ரகசியத் திறவியை வைத்திருப்பவர் மட்டுமே இடக்கூடிய கையொப்பமே அடையாளம். ஆள் யாரென்று தெரியாது. ஆனால் நேற்று எழுதியவரே இன்றும் எழுதுகிறார் என்பது உறுதியாகத் தெரியும்.

செய்தியை நடுவர் படிக்கவே முடியாது என்றால் புகாரை எப்படி நம்புவது? இதற்கு 2016இல் பேஸ்புக் தன் ரகசிய உரையாடல்களில் கொண்டுவந்த வழி அழகானது. அனுப்புபவரின் செயலி, யாரும் ஊகிக்க முடியாதபடி ஒரு திறவியைத் தேர்ந்து, அதையும் செய்தியையும் சேர்த்துக் குறுகிய முத்திரை எண் ஒன்றைக் கணக்கிடுகிறது. திறவி மறைகுறியாக்கத்துக்குள் போய்விடும். முத்திரை எண் மட்டும் வெளியே தெரியும். சர்வர் அந்த எண்ணின்மேல், யார் யாருக்கு எப்போது அனுப்பியது என்ற விவரத்தோடு, தன் ரகசியத் திறவியால் இன்னொரு முத்திரையைக் குத்தி அனுப்புகிறது. பெறுபவரின் செயலி செய்தியைத் திறந்து முத்திரை எண்ணை மறுபடி கணக்கிடும். பொருந்தாவிட்டால் செய்தியைக் காட்டாது. புகார் செய்யும்போது செய்தி, திறவி, முத்திரைகள் எல்லாம் சர்வரிடம் போகும். அது கணக்குப் போட்டுப் பார்த்தால், எழுதாததை எழுதியதாகச் சொல்லவும் வழியில்லை, எழுதியதை மறுக்கவும் வழியில்லை. புகாருக்கு வராத கோடிக்கணக்கான செய்திகள் படிக்கப்படாமலே இருக்கும்.

2018இல் ஆய்வாளர்கள் இதில் ஓட்டை கண்டார்கள். இணைக்கப்படும் படங்களுக்குப் பயன்பட்ட மறைகுறி முறையில், ஒரே எண்குவியலை இரண்டு திறவிகளால் திறந்தால் இரண்டு வெவ்வேறு படங்கள் வரும்படி செய்ய முடிந்தது. பெறுபவர் ஆபாசப் படத்தைப் பார்த்துப் புகார் கொடுத்தால், புகாரில் அந்தப் படம் சேராமல் தீங்கற்ற படம் மட்டுமே போய்ச்சேரும். பேஸ்புக் அதன்பின் சரிசெய்தது.

அதே 2018இல் சிக்னல் என்ற செய்திச் செயலி, அனுப்புநரின் பெயரைச் சர்வரிடமிருந்தே மறைக்கும் உறையைக் கொண்டுவந்தது. பெயருக்குப் பதிலாகச் சர்வர் ஓர் அனுமதிச் சீட்டைக் கேட்கும். அது பெறுபவரின் சுயவிவரத்தைப் பூட்டிவைக்கும் திறவியிலிருந்து பிறப்பது. அவர் தொடர்பில் வைத்திருப்பவர்களிடம் மட்டுமே இருக்கும். தொல்லை கொடுக்கும் ஒருவரை அவர் தடை செய்யும்போது திறவி மாறுகிறது, மற்றவர்களுக்குப் புதிய திறவி போய்ச்சேர்கிறது, தடைபட்டவரின் சீட்டு செல்லாததாகிவிடுகிறது. அவர் மறுபடி அந்தப் பெயரில்லா உறையை அனுப்பினால், அது யாருடையது என்பதை அறியாமலே சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிடும்.