மெஸ் பண்ணாதன்னா என்ன அர்த்தம்?

"ரூம மெஸ் பண்ணாத மக்ளே"ன்னு அக்கா அவ பிள்ளைய சத்தம் போட்டா, பக்கத்துல இருந்த எங்க அம்மை "மெஸ்ஸுன்னா சோறு திங்கிற எடம்லா, அத எதுக்கு பண்ணாதங்குத?"ன்னு கேட்டா. நல்ல கேள்வி, ஏன்னா ரெண்டும் ஒரே சொல்லுதான்.

லத்தீன்ல மித்தெரேன்னா அனுப்புறது, அதுல இருந்து மேசைக்கு அனுப்பி வைக்கிற ஒரு பங்கு சாப்பாடுன்னு பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது மெஸ் (நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிங்கோம்லா, அந்த மிஷனுக்கும் இதே வேருதான், மெசேஜும் அப்படித்தான்). 1611-ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல, ஆதியாகமம் 43:34-ல, யோசேப்பு பென்யமீனுக்கு அஞ்சு மடங்கா அனுப்பின பங்குக்கு மெஸ்னுதான் போட்டிருக்கு. அப்புறம் சேந்து உக்காந்து சாப்பிடுத கூட்டத்துக்கு மெஸ்னு பேராச்சு, பட்டாளத்து மெஸ், ஹாஸ்டல் மெஸ் எல்லாம் அந்த வழி. இன்னொரு பக்கம் கூழு, கலந்துகட்டின தீனின்னு அர்த்தம் எறங்கி, 19-ம் நூற்றாண்டுல கலஞ்சு கெடக்கிற எதுக்கும் மெஸ்னு ஆயிட்டு, அதுல இருந்துதான் இந்த மெஸ் பண்ணுறது.

தமிழ்ல அலங்கோலப்படுத்துன்னு எழுதலாம், எழுத்துக்கு அது நல்ல சொல்லு. ஆனா எல்லா எடத்துக்கும் அது ஒண்ணையே போட்டா ஒட்டாது, முடின்னா கலைச்சுட்டான், விரிச்ச பெட்ஷீட்டுன்னா கசக்கிட்டான், அடுக்கி வச்ச சாமான்னா நம்ம கன்னியாகுமரிப் பக்கம் சொல்லுத "வாரி வலிச்சு போட்டுட்டான்". இதுக்கு மேல ஒரு சொல்லு எனக்கு தோணல, ஏன்னா வாருறதும் தெரியும், இழுக்குறதும் தெரியும், போட்டுட்டு போற பிள்ளையும் கண்ணுல தெரியும். இங்க வலின்னா நோவு இல்ல, இழுக்கிறது. திருவிதாங்கூர்லயும், அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்த ஊருங்கிறதால மலையாளத்துல இருந்து வந்ததுன்னு சிலபேரு ஒதுக்குவாங்க, மலையாளத்துலயும் இருக்குதான், ஆனா வலித்தல்னா இழுத்தல், துடுப்பு போடுதல்னு தமிழ் அகராதியிலயே கெடக்கு, கடப்புறத்துல கரமடி (கரையில நின்னு இழுக்குற வலை) வலிக்கிறதுன்னு இன்னைக்கும் சொல்லுதாங்க. பேச கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

ஆனா பரிட்சையில மெஸ் பண்ணிட்டேன்னா அதுக்கு இது ஆகாது, அங்க சொதப்பிட்டேன், எழுத்துலன்னா குளறுபடி செஞ்சுட்டேன்னு வரும். என்கிட்ட மெஸ் பண்ணாதன்னா அது வேற, சீண்டாத, வம்புக்கு வராதன்னு அர்த்தம்.