அம்மாவுக்கு எதற்கு சாக்ஸ்?

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்க பெங்களூரிலிருந்து வந்த மகனின் கண்ணில் முதலில் பட்டது அவர் காலில் கிடந்த சாக்ஸ். தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு நடந்தே காலம் தள்ளிய அம்மா அது. "எதுக்குங்க சாக்ஸ்?" என்று கேட்டிருக்கிறார். "ஏசி குளிர் சார்" என்றாராம் ஆயா. அந்த அறையில் இருந்ததோ ஒரே ஒரு மின்விசிறி.

கழற்றிப் பார்த்தால் இரண்டு குதிகாலிலும் கறுத்துப்போன புண். இடது காலில் ஐந்து ரூபாய் நாணயம் உட்காரும் அளவுக்குக் குழி. "ஒண்ணுமில்ல சாமி, நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றார் அம்மா. சொல்லும்போது பார்த்தது மகனை அல்ல, ஆயாவை.

நான் கோவையில் வழக்கறிஞர். ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்புகளும் முதியோர் இல்லங்களும் நிறைந்த ஊர் இது. அவற்றில் மனசாட்சியோடு நடக்கும் இடங்கள் பலவற்றை நான் அறிவேன். என் மேசைக்கு வருவது மற்றவை. மேலே சொன்ன மகன் மூன்றாம் நாள் வந்தார் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அந்த மூன்று நாளும் அம்மா அங்கேயேதான் இருந்தார். ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"கேஸ் போட்டா முதல்ல உங்க மேலதான் வரும், பெத்த தாயை இங்க கொண்டாந்து விட்டது நீங்கதானேன்னு மேனேஜர் சொன்னாருங்க மேடம்."

இந்த வசனத்தை வெவ்வேறு வாய்களிலிருந்து நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். 'ஹோம்ல விட்டுட்டோமே' என்ற குறுகுறுப்பு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் ஜாடையாகப் பேசிக் காட்டியிருப்பார்கள். நிர்வாகம் அந்தப் புண்ணில்தான் விரலை வைக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 24-ஆம் பிரிவு, முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் செல்பவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மாதாமாதம் பணம் கட்டி, போன் செய்து, வந்து பார்க்கும் பிள்ளை அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். அந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் காலே கிடையாது.

முதலில் புண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான வழக்குகள் அங்கேதான் தொடங்குகின்றன. தானாகப் புரளமுடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியின் பாலபாடம். செய்யாவிட்டால் எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களில், ரத்த ஓட்டம் நின்று சதை சாகும். தொடக்கத்தில் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தும், தொட்டால் சூடாகவோ கல்போலவோ இருக்கும். பார்க்கப் போகும்போது போர்வையை விலக்கிப் பாருங்கள். முதுகைப் பாருங்கள். அம்மாவின் உடம்பைப் பார்க்க மகனுக்குக் கூச்சமாக இருந்தால் மனைவியையோ அக்காவையோ அழைத்துப் போங்கள். எல்லாப் படுக்கைப் புண்ணும் கொடுமையின் அடையாளம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில், நல்ல கவனிப்பிலும் சிலருக்கு வரும். வந்த அன்றே வீட்டுக்குச் சொன்னார்களா, மருந்து கட்டினார்களா, இல்லை சாக்ஸ் மாட்டினார்களா என்பதில்தான் வித்தியாசம்.

மற்றவற்றை அப்படியே ஓட்டிச் சொல்கிறேன். இரு புஜங்களிலும் விரல் பதிந்தாற்போன்ற கன்றல், மணிக்கட்டைச் சுற்றி வளையமாகத் தழும்பு, கேட்காமலே போட்ட மொட்டை, தொளதொளவென்று ஆகிவிட்ட ஜாக்கெட், பகல் பதினொரு மணிக்கும் எழுப்ப முடியாத தூக்கம். கடைசியாகச் சொன்னதற்கு மருந்துச் சீட்டைக் கேளுங்கள். எந்த மருத்துவர், எந்தத் தேதியில், எதற்காகத் தூக்க மாத்திரை எழுதினார் என்று இருக்க வேண்டும். தனியாக விடாமல் கூடவே நிற்கும் ஆயா, ஸ்பீக்கரில் போட்டுத் தன் கையிலேயே பிடித்துக்கொள்ளும் போன், ஞாயிறு நாலு மணி முதல் ஐந்து வரைதான் பார்க்கலாம் என்ற விதி, இவையெல்லாமும் அதே கணக்கில்தான் வரும். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். நல்ல ஹோம் என்றால் கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டு உள்ளே விடும்.

பணத்தையும் பாருங்கள். ஓய்வூதிய வங்கிக் கணக்கின் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது, தோடும் மோதிரமும் எங்கே போயின, வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்களா? அடியைவிட இதை மறைக்கத்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

பெயர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. முதியோர் இல்லம் வேறு. ஆனால் 'பெட்சைடு கேர்', 'டிமென்ஷியா கேர்' என்று பலகை வைத்திருக்கும் இடம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு வேண்டும். சிகிச்சை தருவதாகச் சொன்னால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன் கீழும் பதிவு வேண்டும். மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்தால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் தீயில் கருகிய மாநிலம் நம்முடையது. சேர்க்கும் முன்பே பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், சமூக நல அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பதிவு உண்டா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்ற இரண்டே கேள்வி போதும்.

சரி, கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அடுத்து? மேனேஜரோடு சண்டை போடாதீர்கள். சத்தம் போட்டால் அன்று இரவே கேமரா பதிவு அழியும், ரிஜிஸ்டர் புதிதாக எழுதப்படும். முதலில் போட்டோ எடுங்கள். முகமும் புண்ணும் ஒரே படத்தில் ஒன்று, புண்ணின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். பிறகு நேராக அரசு மருத்துவமனைக்கு. "எங்கிருந்து வருகிறார், என்ன நடந்தது" என்பதைச் சொல்லி ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடச் சொல்லுங்கள். தெரிந்த கிளினிக்கில் மருந்து கட்டிக்கொண்டு வந்தவர்களின் வழக்கை ஆறு மாதம் கழித்து நிமிர்த்துவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. அதே நாளில் நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: இன்ன தேதிகளின் கேமரா பதிவையும் பராமரிப்புப் பதிவேட்டையும் அழிக்காமல் வைத்திருக்கவும். நாலு வரி போதும்.

காவல் நிலையத்தில் என்ன பிரிவு என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. பாரதிய நியாய சன்ஹிதாவில் காயப்படுத்துதல் 115, கொடுங்காயம் 117, அடைத்துவைத்தல் 127. இவற்றோடு 357 என்று ஒரு பிரிவு உண்டு, பல வழக்கறிஞர்களே அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைத்தான் பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய்தான்! தண்டனை சிறிதுதான், ஆனால் நம் விஷயத்துக்கென்றே எழுதினாற்போன்ற பிரிவு. சாதாரணக் காயத்துக்கும் இதற்கும் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போடாது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்து அனுப்பும். நீதித்துறை நடுவரிடம்தான் போக வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள். விசாரணைக்கு அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்து வரச் சொன்னால் மறுக்கலாம். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் இருக்கும் இடத்துக்கே வந்துதான் விசாரிக்க வேண்டும்.

ஆனால் நடைமுறையில் அதிகம் பலன் தருவது நுகர்வோர் ஆணையம். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவை அது, அதில் குறை இருந்தால் இழப்பீடு கேட்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஹோம் கோவையில் இருந்தாலும் வழக்குப் போடுபவர் தான் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கால அவகாசம் இரண்டு ஆண்டு. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தொடரலாம். சேரும்போது ஸ்டாம்ப் பேப்பரில் 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று கையெழுத்து வாங்கியிருப்பார்களே, அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவார்கள். அலட்சியத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வாங்கிக்கொள்ள யாராலும் முடியாது.

வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போய் நாளை வீணாக்கியவர்களும் உண்டு. அது பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கும் இடம், ஹோம் மீதான புகாருக்கு அல்ல. உடனடியாக யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். ஆளையே காட்ட மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தின் கதவு திறந்தது அப்படித்தான். சேர்த்த முதியவரைப் பார்க்கவேண்டும் என்று ஓர் உறவினர் கேட்டார், ஆள் அங்கே இல்லை, மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குப் பின்தான் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள், வழக்கு சிபிசிஐடி வரை போனது.

மரணம் நடந்துவிட்டால்? சந்தேகம் இருந்தால் எடுப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். இழவு வீட்டில் போலீஸா என்று பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். தெரியும். மின்மயானத்திலிருந்து சாம்பலோடு வருபவருக்குச் செய்ய என்னிடம் மிகக் கொஞ்சமே இருக்கிறது.

சாக்ஸ் அம்மாவின் கதைக்கு வருகிறேன். நான் சொன்ன அன்றே, அதாவது 12-ஆம் தேதி மதியம், அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார் மகன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு பதில் மனுவோடு ஒரு பதிவேட்டின் நகலையும் தாக்கல் செய்தது. அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்ததற்கான கணக்கு. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மாதம் முழுக்க ஒரு வேளைகூடத் தவறவில்லை. 14-ஆம் தேதிக்கான வரியை என் ஜூனியர்தான் விரலால் தொட்டுக் காட்டினாள்: 'இரவு 2 மணி, இடப்பக்கம்.'