விழுபவரைக் கயிறு எப்படித் தாங்குகிறது?

நாமக்கல் கோட்டையைத் தாங்கி நிற்கும் ஒற்றைப் பாறையும் சங்ககிரி மலையும் கொங்கு நாட்டில் பலரும் அறிந்தவை. அவை போக, ஊருக்கு ஊர் கரடுகளும் உண்டு. பாறை ஏறிப் பழக விரும்புவோர் முதலில் கேட்பது, கயிறு அறுந்துவிடாதா என்று. கூரிய பாறை விளிம்பில் உரசாத வரை, நல்ல கயிறு மனித எடைக்கு அறுவது மிக அரிது. விழுபவரை அது எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்துகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

4 மீட்டர் விழும் உடல் மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். 80 கிலோ எடையுள்ள ஒருவரைக் கயிறு 1 மீட்டர் நீண்டு நிறுத்தினால், அவர்மீது செயல்படும் சராசரி விசை சுமார் 4 கிலோநியூட்டன். 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் அதுவே 32 கிலோநியூட்டன், அதாவது 3 டன்னுக்கு மேற்பட்ட சுமை. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்கும் கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. சுமையைத் தாங்குவதற்காக வாங்கிய அந்தக் கயிறு, நீள்வதற்காகச் செய்யப்பட்டதன்று. பாறை ஏறும் கயிற்றுக்குள் இருக்கும் முறுக்கிய நைலான் இழைகள், விழும் ஆற்றலை நீண்டு வாங்கிக்கொள்கின்றன. பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் சோதனையில், 80 கிலோ சுமையின் முதல் வீழ்ச்சியில் ஒற்றைக் கயிறு 12 கிலோநியூட்டனுக்கு மேல் விசை தரக்கூடாது. குறைந்தது ஐந்து வீழ்ச்சிகளையாவது தாங்க வேண்டும்.

விழும் தூரத்தை, அப்போது கீழே நின்று கயிறு பிடிப்பவருக்கும் ஏறுபவருக்கும் இடையே ஓடியிருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை வீழ்ச்சிக் காரணி என்பர். 20 மீட்டர் கயிறு ஓடியிருக்கையில் 4 மீட்டர் விழுந்தால் அது 0.2. செங்குத்துப் பாறையின் நடுவில் கயிறு பிடிப்பவர் தம்மைக் கட்டிக்கொண்டு நிற்க, அவருக்கு 2 மீட்டர் மேலே, இடையில் கயிற்றைப் பாறையோடு இணைக்கும் கொக்கி ஒன்றையும் மாட்டாமல் ஒருவர் தவறினால், அதே 4 மீட்டருக்குக் காரணி 2. ஆற்றல் ஒன்றே, ஆனால் அதை வாங்கும் கயிறு பத்தில் ஒரு பங்கு. ஆகவே புறப்பட்ட உடனே முதல் கொக்கியை மாட்டுவதில் சோம்பல் கூடாது.

தரையிலிருந்து ஏறும்போது ஆபத்து வேறு வகையானது. முதல் கொக்கி 4 மீட்டர் உயரத்தில் இருக்க, இடுப்பு 6 மீட்டரில் இருக்கும்போது விழுபவரின் இடுப்பு, கயிறு இறுகும் தருணத்தில் 2 மீட்டரிலும் பாதம் ஏறக்குறைய 1 மீட்டரிலும் இருக்கும். தரையில் நின்று கயிறு பிடிப்பவரின் இடுப்பிலிருந்து வெளியே இருப்பது 5 மீட்டர் கயிறு; அது ஐந்தில் ஒரு பங்கு நீண்டாலே கால் தரையில் மோதும். கயிற்றில் தொய்வு இருந்தால் அந்த நீட்சிகூடத் தேவைப்படாது.