இரண்டாம் முறையும் நுரையீரல் சுருங்கினால்

“நுரையீரலையே எடுத்துடுவீங்களா டாக்டர்?”

ஆபரேஷன் என்றதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இது. மகனுக்கு 21 வயது. நல்ல உயரம், ஒல்லி. ஆறு மாதத்துக்குள் வலப்பக்க நுரையீரல் இரண்டாவது முறை சுருங்கி வந்திருந்தார். முதல் தடவை வேறோர் ஊரில், நெஞ்சுக்கூட்டில் தேங்கிய காற்றை வெளியேற்ற ட்யூப் போட்டுச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள். மறுபடி வரலாம் என்று யாரும் சொல்லவில்லையாம். எனக்கு வருத்தமாக இருந்தது. ட்யூப் மட்டும் போட்டுக் குணமானவர்களில் சுமார் 10 பேரில் 3 பேருக்குத் திரும்ப வருகிறது. இரண்டாம் முறை வந்துவிட்டால் மூன்றாவதற்கான வாய்ப்பு இன்னும் கூடும்.

இந்த வயதில் பெரும்பாலும் காரணம், நுரையீரலின் உச்சியில் இருக்கும் சின்னக் கொப்புளங்கள். ஒன்று உடைந்தால் காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கும்; நுரையீரல் சுருங்கும். பளு தூக்க வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடையும். திடீரென ஒரு பக்கம் குத்துவலி, மூச்சு வாங்கும். வாயுப்பிடிப்பு என்று நினைத்து இரண்டு நாள் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய. புகைப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

இந்த முறையும் முதலில் ட்யூப்தான் போட்டோம். அதன் மறுமுனை, கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும். காலை ரவுண்ட்ஸில் “இருமுங்க தம்பி” என்பேன். ஆறாம் நாளும் குமிழி வந்தது. ஓட்டை மூடவில்லை என்று அர்த்தம். (அந்தப் பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்காதீர்கள். குமிழி வரும்போது ட்யூபை மடக்கவோ கிளிப் போடவோ கூடாது. காற்று உள்ளேயே அடைபட்டு இதயத்தை அழுத்திவிடும்.)

அறுவை சிகிச்சையில் இரண்டு மூன்று சின்னத் துளைகள் போதும். மயக்கம் கொடுத்து அந்தப் பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்றை நிறுத்திவிட்டு, கேமரா வழியே பார்த்து, கொப்புளம் உள்ள நுனியை ஸ்டேப்ளரால் வெட்டித் தைப்போம். எடுத்த துண்டை அந்த அம்மாவிடம் காட்டினேன், கட்டைவிரல் நுனி அளவுதான்.

வெட்டுவதோடு வேலை முடியாது. நெஞ்சுச் சுவரின் உள்சவ்வைச் சொரசொரப்பாகத் தேய்ப்போம், அல்லது உரித்தெடுப்போம். புண் ஆறும்போது நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு காற்று தேங்க இடமிருக்காது. டால்க் பவுடர் தூவியும் ஒட்டவைக்கலாம். இளைஞர்களுக்கு நான் தேய்ப்பதையே விரும்புகிறேன். காசநோயாலோ புகையாலோ நுரையீரல் கெட்டு, ஆபரேஷன் தாங்காத பெரியவர்களுக்கு ட்யூப் வழியே டால்க் செலுத்துவது கைகொடுக்கும். துளை வழி அறுவைக்குப் பின் திரும்ப வருவது 100-ல் ஐந்து பேருக்கு அருகில். நெஞ்சைத் திறந்து செய்தால் ஒன்று. ஆனால் அதில் வலி அதிகம் என்பதால் எல்லோருக்கும் அதைச் சொல்வதில்லை.

உள்சவ்வில் நரம்புகள் உண்டு, அதனால் துளை அறுவைக்குப் பிறகும் வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், மாத்திரை கேளுங்கள். வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சிழுக்க, இரும, நடக்க முடியும். விமானப் பயணம், எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்து, டாக்டர் சரி என்ற பிறகுதான்.

அப்புறம், பெண்களுக்கு ஒன்று. மாதவிலக்கு தொடங்கிய இரண்டு மூன்று நாளுக்குள், அதுவும் வலப்பக்கம், இந்த வலி திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தேதிகளைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். கருப்பை உள்வரித் திசு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் படிந்து ஓட்டை போட்டிருக்கலாம். தெரிந்தால்தான் கேமராவை அங்கேயும் திருப்பிப் பார்ப்போம்.