கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுங்கள்

முட்டி வலி, குதிகால் வலி என்று பிசியோதெரபிக்கு வரும் ஓட்டக்காரர்கள் பலர், எங்கே வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்பே செல்போனை என் பக்கம் நீட்டிவிடுவார்கள். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம், நாடித்துடிப்பு எவ்வளவு, போன வாரம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். "ஓடும்போது நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் யோசிப்பார்கள். எனக்குக் கவலை தருவது அந்த யோசனைதான்.

ஜனவரியில் சென்னை மாரத்தான் நடக்கும். அதற்காகத் தயாராகும் மாதங்களில் பலர் தினமும் ஒரே தார்ச்சாலையில், ஒரே வேகத்தில், வாரக் கணக்கை முடித்தாக வேண்டும் என்று ஓடுகிறார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கால் மாட்டிக்கொள்ளும்.

சின்ன வயதில் நாம் இப்படியா ஓடினோம்? கிளித்தட்டு ஆடியவர்களுக்குத் தெரியும். கோட்டில் நிற்பவரை ஏமாற்ற உடலை ஒரு பக்கம் சாய்ப்போம். சட்டென்று மறுபக்கம் திரும்பி நாலு எட்டு பாய்வோம். அப்புறம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பாய்வோம். வேகம், திருப்பம், நிறுத்தம், ஓய்வு எல்லாம் கலந்து வந்ததால் ஒரே இடத்தில் சுமை சேரவில்லை. வீட்டிலிருந்து கூப்பிடும்வரை களைப்பும் தெரியவில்லை.

இது விளையாட்டு வீரர்களுக்கும் பொருந்தும். ஸ்வீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் 1930களில் உருவாக்கிய ஃபார்ட்லெக் பயிற்சியில், காட்டுப்பாதையில் மனம் போல வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 1945-ல் மைல் ஓட்டத்தில் உலக சாதனை படைத்த ஸ்வீடன் வீரர் குண்டெர் ஹேக் இப்படிப் பழகியவர்தான். அந்தச் சாதனை 1954 வரை நின்றது.

சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் நானும் விளையாட்டைத்தான் கையில் எடுப்பேன். சில அடி தள்ளி நின்று டென்னிஸ் பந்தைக் கீழே விடுவேன். அது இரண்டாவது முறை தரையைத் தொடுவதற்குள் ஓடிவந்து பிடிக்க வேண்டும். வங்கியில் வேலை செய்யும் ஒருவர், வலி போன பிறகும் முட்டியைப் பொத்திப் பொத்தி நடந்துகொண்டிருந்தார். முதல் பந்தைத் தவறவிட்டார். அடுத்ததற்குப் பாய்ந்து, பிடித்து, "இன்னொண்ணு போடுங்க" என்றார். பயத்தில் இறுகிக் கிடந்த கால் தானாக மடங்கி நீண்டது. எவ்வளவு எடுத்துச் சொல்லியும் வராத நம்பிக்கை அது.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயம் நம்மூரில் ரொம்பவே அதிகம். 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டித் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3.

வாரத்தில் ஒரு நாளாவது கடிகாரம் இல்லாமல் கிளம்புங்கள். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததுவரை வேகமாக ஓடுங்கள், அதற்கடுத்ததுவரை நடங்கள். பிள்ளைகள் இருந்தால் ஓடிப்பிடித்து விளையாடுங்கள், சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். கடற்கரை பக்கத்தில் இருந்தால் அலை நனைத்து இறுகிய மணலில் ஓடலாம். அங்கே தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும் என்பதால் போன வழியே திரும்பி வாருங்கள்.

பல வருடம் ஓடாதவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி உதவிக்குக் கூப்பிட வேண்டும். தசை வலி இரண்டொரு நாளில் போய்விடும். எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் சுரீர் என்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.