வயதைக் குறைத்து ஆடும் கிரிக்கெட்: ஓர் எலும்பு மருத்துவரின் பார்வையில்

கிரிக்கெட்டில் தில்லுமுல்லு என்றதும் எல்லோரும் 2018 கேப்டவுனைத்தான் சொல்வார்கள். பந்தை உப்புத்தாளால் தேய்த்தது கேமராவில் மாட்டி, ஆஸ்திரேலியாவின் ஸ்மித்தும் வார்னரும் ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்தார்கள், பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம். தருமபுரியில் எலும்பு வைத்தியம் பார்க்கிற எனக்கு அதெல்லாம் டிவியில் பார்த்ததோடு சரி. என் மேசைக்கு வரும் தில்லுமுல்லு, பையன் மைதானத்தில் கால் வைப்பதற்கு முன்பே வீட்டில் நடந்து முடிந்திருக்கும். பிறந்த தேதியை மாற்றுவதைச் சொல்கிறேன்.

அண்டர் 14, அண்டர் 16 என்று அந்தந்த வயதுக்குக் கீழே உள்ள பையன்களுக்கான அணி செலக்‌ஷன் நெருங்கினால் பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம் பக்கமிருந்து அப்பாக்கள் பையனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மணிக்கட்டு வலி என்று சீட்டுப் போட்டிருப்பார்கள். பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அப்புறம் மெதுவாக விஷயம் வெளியே வரும். "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க சார், எலும்பு வயசு எவ்வளவு காட்டுதுன்னு தெரியணும்." கிரிக்கெட் போர்டு எடுக்கும் வயது டெஸ்டில் தப்பிப்பானா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளத்தான். எலும்பு வயதைக் குறைக்க மாத்திரை இருக்கிறதா என்று கேட்டவர்களும் உண்டு. அப்படி ஒன்று கிடையாது.

இந்த டெஸ்ட் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வளரும் பிள்ளையின் எலும்பு முனையருகே ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கும். எக்ஸ்ரேயில் அந்த இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். வயது ஏற ஏறக் கோடு மெலிந்து, கடைசியில் எலும்பு ஒட்டிக்கொள்ளும். இந்திய கிரிக்கெட் வாரியம் பயன்படுத்துவது டிடபிள்யூ 3 என்ற முறை. இடது கையை எக்ஸ்ரே எடுத்து, மணிக்கட்டுக்கு மேலுள்ள இரண்டு எலும்புகள், உள்ளங்கை, விரல்கள் என மொத்தம் 13 எலும்புகளின் வளர்ச்சிக்கு மதிப்பெண் போட்டு வயதைக் கணிப்பார்கள். அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். கையைப் பார்த்து வயதைச் சொல்வது நமக்குப் புதிதல்ல!

ஆண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பதினாறரை வயதோடு முடிந்துவிடும். கோடுகள் எல்லாம் ஒட்டிய பிறகு பதினேழு வயதுக் கையும் இருபத்திரண்டு வயதுக் கையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் அண்டர் 16-க்கு இது உதவுகிறது, அண்டர் 19-க்கு உதவாது. அங்கே சான்றிதழைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் வயதுக்காக வேறு எக்ஸ்ரேக்களும் பார்த்திருக்கிறேன். குழந்தைத் திருமண வழக்குகள். பெண்ணைப் பெற்றவர் "பதினெட்டு முடிஞ்சுடுச்சு சார்" என்று சாதிப்பார். இப்போது கிளினிக்கில் பையனைப் பெற்றவர் "பதினாலு இன்னும் ஆகல சார்" என்று சாதிக்கிறார். மகளுக்குக் கூட்டவும் மகனுக்குக் குறைக்கவும் நம்மூரில் ஆள் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஒரு பையனுக்குப் பிறப்புச் சான்று, ஆதார் எல்லாம் பக்காவாக இருந்தன. மீசையை மழித்த பச்சை மட்டும் மேலுதட்டில் தெரிந்தது. பேச்சுவாக்கில் வீட்டில் யார் யார் என்று கேட்டேன். தங்கச்சி இருக்கிறாளாம். அவள் பிறந்த தேதியை அம்மா பட்டென்று சொல்லிவிட்டார். கணக்குப் போட்டால் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஐந்து மாதம்தான் வித்தியாசம். அப்பா நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். அதற்கு முன்னால் நான் வயது கேட்டபோது, பதில் சொல்லாமல் அப்பா முகத்தைத்தான் பார்த்தான். சொந்த வயதைச் சொல்ல அனுமதி கேட்கிற பிள்ளையிடம் அப்புறம் எந்த நேர்மையை எதிர்பார்ப்பது?

ராகுல் திராவிட் 2015 டிசம்பரில் டெல்லியில் நடந்த பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இதைத்தான் பேசினார். கோச் தேதியைத் திருத்தி, பெற்றோரும் அதற்கு உடன்பட்டால், அந்தப் பிள்ளை ஏமாற்று வேலையை முதன்முதலில் பார்ப்பது அங்கேதான் என்றார். ஓசூர்ப் பக்கத்து அப்பாக்களுக்கு இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். பெங்களூர் கோச்சிங்குக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், கர்நாடகத்துக்காரரான முன்னாள் இந்திய பேட்ஸ்மேன் விஸ்வநாத் என்றால் உயிர். 1980 பம்பாய் டெஸ்டில் அம்பயர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரை, இந்திய கேப்டனாக இருந்த அவர் திரும்பக் கூப்பிட்டு ஆட வைத்த கதையை எனக்கே சொல்வார்கள். அந்த மேட்ச்சில் இந்தியா தோற்றதையும் பெருமையாகத்தான் சொல்வார்கள். கையில் இருக்கும் ஃபைலில் மகன் வயது மட்டும் இரண்டு குறைந்திருக்கும்.

"யாருக்கு சார் நஷ்டம்?" என்பார்கள். யாருக்கு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனும் என்னிடம்தான் வருகிறான். உண்மையிலேயே பதினாலு வயதான வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் கீழ்முதுகு வலியோடு வந்தான். குனிந்தால் வலி இல்லை, பின்னால் வளைந்தால் உயிர் போகிறது. ஸ்கேன் எடுத்ததில் இடுப்பு முதுகெலும்பின் பின்பக்க வளைவில் கீறல். வலது கைக்காரன், அதனால் கீறல் இடது பக்கம். வேகமாகப் பந்து போடும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது இது. ஏண்டா இப்படி மாங்கு மாங்கென்று போட்டாய் என்றால், "அந்த அண்ணன் ஸ்பீடுக்குப் போட்டாத்தான் சார் எடுப்பாங்க" என்றான். ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிற பையனை அவன் அண்ணன் என்கிறான்! அந்த அண்ணனுக்குப் பதினேழு என்பது ஊருக்கே தெரியும், சான்றிதழுக்கு மட்டும் தெரியாது. முப்பது வயதுக்காரருக்கும் முப்பத்திரண்டுக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பதினாலுக்கும் பதினேழுக்கும் இடையில் உயரம், தோள், தசை எல்லாமே மாறிவிடுகிறது. இவன் பல மாதம் பந்தைத் தொடாமல் வீட்டில் இருந்தான். அந்த வருஷ செலக்‌ஷனும் போனது.

சரி, அந்த அண்ணனாவது ஜெயித்தானா? உடம்பு பெரிதாக இருந்ததால் கிடைத்த விக்கெட்டுகள் எதிரே நிற்பவனும் வளர்ந்த பிறகு கிடைப்பதில்லை. ஸ்விங்கும் லைனும் பழக வேண்டிய வயதில் சின்னப் பையன்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தால் அப்படித்தான். மாட்டினாலோ கதை முடிந்தது. 2020-ல் வாரியம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது: செப்டம்பர் 15-க்குள் உண்மைத் தேதியைத் தாங்களாகவே சொல்பவர்களுக்குத் தண்டனை இல்லை, மறைத்து மாட்டினால் இரண்டு வருஷத் தடை. இருபது வயதுக்காரனுக்கு இரண்டு வருஷம் என்பது ஏறக்குறைய எல்லாமே.

வயதைக் குறைத்தால்தான் முன்னுக்கு வரலாம் என்று நம்புகிறவர்களுக்கு நான் காட்டுவது பக்கத்து சேலம் மாவட்டத்து சின்னப்பம்பட்டியை. அந்த ஊர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பால்தான். 2015-ல் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் நுழைந்ததும் பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று புகார் வேறு. அதைத் திருத்திக்கொண்டு வந்து, 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடியபோது வயது 29. வருண் சக்கரவர்த்தியும் இந்திய அணிக்குள் வந்தது அதே வயதில்தான், அதுவும் ஆர்க்கிடெக்ட் வேலை பார்த்துவிட்டு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எலும்பு வயதும் பிறந்த தேதியும் அச்சாக ஒத்துப்போகாது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கே ஒரு வருஷம், சில சமயம் இரண்டு வருஷம்கூட முன்பின் இருக்கும். சீக்கிரம் பருவமடைந்த பையன், தேதியெல்லாம் சரியாக இருந்தும் டெஸ்டில் வெளியே போகலாம். அவனைப் பொய்யன் என்று ஊர் பேசுவது பெரிய பாவம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டை மாற்ற என்னால் முடியாது. அவன் பொய் சொன்னான் என்று அதற்கு அர்த்தமில்லை என்று பள்ளிக்கும் கோச்சுக்கும் எழுதிக் கொடுக்கிறேன். அண்டர் 19-ல் அவனுக்கு இடம் இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. வீட்டில் யாரும் ஏமாற்றவில்லை, பிறப்பைப் பதிவு செய்யவில்லை, பள்ளியில் சேர்க்கும்போது ஏதோ ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிட்டார்கள். பழைய ஆட்களிடம் இது சகஜம், மலைக்கிராமங்களில் இப்போதும் எப்போதாவது தென்படுகிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் செலவே இல்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். அலைச்சல்தான், ஆனால் நடக்கிற காரியம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தேதி ஏறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு, அதனால் ஒன்பதாவதிலேயே பள்ளி ஆபீசில் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், என்னிடம் சீட்டுப் போடவும் வேண்டாம்.