நடுக்கம் நின்ற பிறகு

"நடுக்கம் ராத்திரியே நின்றுவிட்டது, டாக்டர்." அவசர சிகிச்சைப் பிரிவில் விடியற்காலை நேரத்தில் இந்த வரி காதில் விழுந்தால், நோயாளி சில மணி நேரம் பிந்தி வந்திருக்கிறார் என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வேன்.

அறுபதைத் தாண்டிய ஒருவரை அப்படித்தான் அழைத்துவந்தார்கள். முந்தைய இரவு விலாவுக்குக் கீழே லேசான வலியோடு படுத்திருக்கிறார். பத்து மணிக்குத் திடீரென்று குளிர் எடுத்தது. பற்கள் தந்தியடித்தன. இரண்டு போர்வைகளைப் போர்த்தி, மகன் கால்களை அழுத்திப் பிடித்தும், கட்டில் சட்டம் சுவரில் இடித்துக்கொண்டே இருந்ததாம். மனைவி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்: 36.9 டிகிரி செல்சியஸ். "காய்ச்சலே இல்லையே" என்று எல்லோருக்கும் ஆறுதல். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது, உடம்பு கொதித்தது, பாராசிட்டமால் கொடுத்தார்கள், வியர்த்துக் கொட்டியது, தூங்கிப்போனார். அசந்து தூங்குகிறவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

காலையில் எழுந்தவர் சட்டைப் பொத்தான்களை இடம் மாற்றிப் போட்டார். மகனைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்களிடம் வந்தபோது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80. நிமிடத்துக்கு 28 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயைக் கல் ஒன்று அடைத்திருந்தது. அதற்கு மேலே தேங்கிய சிறுநீரில் பெருகிய கிருமிகள் ரத்தத்தில் கலந்துவிட்டன. செப்சிஸ்: தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு கட்டுமீறித் தன் உறுப்புகளையே சேதப்படுத்தும் நிலை. இந்த நிலையில் ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. குழாய் விட்டுத் தேக்கத்தை வடித்தாக வேண்டும். வடித்தோம், பிழைத்தார்.

அந்த 36.9 பொய் சொல்லவில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ்தான் உடம்பின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. தொற்று ஏற்பட்டதும் உடம்பில் சுரக்கும் ரசாயனங்கள் அந்த இலக்கைச் சட்டென்று 39, 40 என்று உயர்த்திவிடுகின்றன. 37-இல் இருக்கும் உடம்பு, தான் குளிர்ந்துகிடப்பதாக எண்ணித் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, தசைகளை உதறவைத்துச் சூடு உண்டாக்குகிறது. அதனால்தான் உள்ளே சூடு ஏறும்போது கைகால்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன. தெர்மாமீட்டரும் பின்தங்கி நிற்கிறது. இலக்கை எட்டியதும் உதறலுக்கு வேலை இல்லை. நடுக்கம் நிற்பது காய்ச்சல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால்தான்.

இன்னொரு சட்டை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் குளிர் ஒரு வகை. கனமான போர்வை கேட்கும் குளிர் அடுத்த வகை. போர்வைக்குள்ளும் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறதே, அந்த மூன்றாவது வகையில்தான் ரத்தத்தில் பாக்டீரியா இருக்கும் வாய்ப்பு மற்ற இரண்டையும்விட அதிகம். தொலைபேசியில் யாராவது கேட்டால், "தண்ணீர் டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடிகிறதா?" என்று கேட்பேன். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விதான், ஆனால் எனக்குப் பயன்பட்டிருக்கிறது. முடியவில்லை என்றால் அப்போதே கிளம்பச் சொல்வேன். இன்ஃப்ளூயன்சாவிலும் இப்படி உதறும், மலேரியாவிலும் உதறும். மலேரியாவில் இடையிடையே ஆள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் என்பது கூடுதல் தொல்லை. எது காரணம் என்று நானே ரத்தப் பரிசோதனை இல்லாமல் சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து அதை யோசித்து நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

பேச்சு குழறுகிறது, ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு இரைக்கிறது, அரை நாளாகச் சிறுநீர் போகவில்லை, உதடு நீலம் பாய்கிறது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் தெரிகின்றன: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், டயாலிசிஸ் குழாய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்தவர்கள் ஆகியோருக்கு நடுக்கம் ஒன்றே போதும், வேறு அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு நடுக்கமும் வேண்டாம், 38 டிகிரி காய்ச்சலே போதும். முதியவர்களுக்குச் சில வேளை காய்ச்சலே வராது. சூடு 36-க்குக் கீழே இறங்கும்.

ஐஸ் தண்ணீரில் உடம்பைத் துடைக்காதீர்கள், உதறல் கூடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம்.

ஏமாறுவது குடும்பத்தார் மட்டுமல்ல. பயிற்சிக் காலத்தில், நடுக்கம் ஓய்ந்து அமைதியாகப் படுத்திருந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மூத்த செவிலியர் ஒருவர் வந்து, "முழங்காலைப் பார்த்தீர்களா, டாக்டர்?" என்றார். போர்வையை விலக்கினேன். முட்டியைச் சுற்றி வலை போட்டதுபோல் ஊதாத் திட்டுகள். தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்துகொண்டிருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

செப்சிஸால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும் அதிர்ச்சி நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு மிகவும் உதவுவது உடன் வருபவரின் ஞாபகம். முதலில் சொன்னவரின் மனைவி மாத்திரை அட்டைப்பெட்டியின் பின்புறம் எழுதிக்கொண்டுவந்திருந்தார்: "10.10 நடுக்கம். 10.40 நின்றது. 11 மாத்திரை. கடைசியாகச் சிறுநீர் போனது மாலை 6." அந்தக் கடைசி வரியையும் விலா வலியையும் சேர்த்துப் பார்த்துத்தான் நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.